தரை தொடாத கால்

அடுத்த அறையிலிருந்து சோழிகளைக் குலுக்குவது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். எலும்பு மாமா தகரத் தட்டில் ஒரு கையின் விரலெலும்புகளைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார். கம்பியில் கோப்பதற்கு முன் எதையும் இப்படிக் குலுக்காமல் விடமாட்டார்.

"கீறல் விட்டிருந்தா சத்தம் மாறும் சார். கண்ணு ஏமாறும், காது ஏமாறாது."

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் அவருக்கு வேலை. அங்கேயே பக்கத்து அறையில் கணக்கு எழுதுபவன் நான். தானமாக வந்த உடல்களில் மாணவர்கள் படித்து முடித்த பிறகு, எலும்புகளைச் சுத்தம் செய்து, கம்பியும் சுருளும் திருகாணியும் கொண்டு மறுபடி முழு உருவமாக்கி ஸ்டாண்டில் தொங்கவிடுவார். எலும்புக்கூடு என்ற சொல் அவர் வாயில் வராது. 'ஆளு' என்பார். "இந்த ஆளுக்கு முட்டி இன்னும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

முட்டி மடங்கி நிமிர்ந்தால் போதும். தோள் எல்லாப் பக்கமும் சுழல வேண்டும். அந்தந்த மூட்டுக்குத் தக்க பூட்டைப் பொருத்திவிட்டு, புது ஆளின் கையைப் பிடித்துக் குலுக்குவார். மணிக்கட்டு சரியாக அசைகிறதா என்று பார்க்கத்தானாம். நம்புவது நம் இஷ்டம்.

காய்கறி வாங்கினால் இரண்டு பைகளில் சமமாகப் பிரித்துத்தான் தூக்குவார். குனிந்து உட்காரும்போது தன் முட்டிகளைத் தட்டி, "இறங்குப்பா" என்பார். நான் கூனி உட்கார்ந்திருந்ததற்கும் திட்டு விழுந்தது. "முதுகெலும்பு என்ன, துணி காயப்போடுற கொடியா? தொய்ய விடாதீங்க."

அவர் மனைவி சொல்வதையும் அவரே சொன்னார். "ஊரான் எலும்பையெல்லாம் பூட்டுறீங்க, நம்ம வீட்டு நாற்காலி நாலு மாசமா காலாடுதேன்னு கேக்குறா."

அன்று காலையில் ஓர் ஆளின் இடது கீழ்க்காலைக் காட்டியிருந்தார். எப்போதோ முறிந்த இரண்டு முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சேர்ந்திருந்தன. அதனால் அந்தக் கால் குட்டை. "தானே ஒட்டுப் போட்டுக்கிச்சு பாருங்க. கோணல்தான், ஆனா கெட்டி." காட்டிவிட்டு வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்.

மதியம் கதவு தட்டும் சத்தம். கையில் குடையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். உள்ளே வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"எங்க வீட்டுக்காரர் பஸ் கண்டக்டருங்க. இடது கால் ஒடிஞ்சு கோணலா கூடிருச்சு. அந்த வலியோடயே கடைசிவரைக்கும் நின்னு டிக்கெட் கொடுத்தாரு. உடம்பை இங்கதான் கொடுக்கணும்னு சொன்னாரு, கொடுத்துட்டேன். இங்க எலும்பை நிக்கவெச்சு மாட்டுவாங்கன்னு இப்பத்தான் யாரோ சொன்னாங்க." குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "செத்தும் அந்த மனுஷன் நிக்கணுமா அண்ணே? ஒரு ஸ்டூல்லயாவது உக்கார வைக்கக் கூடாதா?"

எந்த எலும்பு யாருடையது என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

"யாரு எவருன்னு எனக்கே தெரியாதும்மா," என்றார் மாமா. "ஆனா ஒண்ணு காட்டறேன், வாங்க."

துணி மூடிய ஆட்கள் வரிசையாக இருந்தார்கள். முதல் இரண்டு பேரைத் தாண்டி, காலையில் மூடிய அதே ஆளிடம் அவரை அழைத்துப் போனார். துணியைக் கணுக்கால் வரை மட்டும் தூக்கினார். இடது பாதம் தெரிந்தது.

"எலும்பு தானா நிக்காதும்மா. தசை இழுத்துப் பிடிச்சாத்தான் நிக்கும். இங்க எல்லாரும் உச்சந்தலைக் கொக்கியில தொங்குறாங்க. கால்ல பொட்டு பாரம் கிடையாது." செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துப் பாதத்துக்கு அடியில் நுழைத்தார். தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. "நீங்களே இழுத்துப் பாருங்க."

அம்மாள் இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் நுழைத்து இழுத்தார். பிறகு அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு செருப்பு உள்பக்கமாத்தான் தேயும்," என்றார்.

மாமா அம்மாளின் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

"பாரம் இல்லைங்கறீங்க."

"சத்தியமா இல்லம்மா."

"அப்ப நிக்கட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உக்கார வெச்சா மனுஷன் தூங்கிடுவாரு."

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு மாமா கதவைச் சாத்தினார். காலடிச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்து முட்டிகளைத் தட்டி, "இறங்குப்பா" என்று தரையில் அமர்ந்து, அதே காகிதத்தை வலது பாதத்துக்கு அடியில் நுழைத்தார்.

நுழையவில்லை. ஒடியாத அந்தக் கால் நீளம். குதிகால் ஸ்டாண்டின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எழுந்து, ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினார். கம்பியை விரலளவு உயர்த்தி முடுக்கினார். மறுபடி மண்டியிட்டு, காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்த்தார்.