ஆடிக்கு முன் காய்ச்சிய பால்

லண்டனில் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எப்போது வந்தீர்கள்?" பல் வைத்தியரும் கேட்கிறார், இல்ஃபோர்ட் நூலகத்தில் அட்டை தரும் பெண்ணும் கேட்கிறாள். ஜெர்மனியில் வாழ்ந்த அத்தனை வருடமும் "எங்கிருந்து?" என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சுலபம்.

சென்ற வருடம் ஓய்வூதியம் வரத் தொடங்கிய கையோடு, லண்டனில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட் வாங்கினோம். ஆனியில் சாவி கிடைத்தது. அடுத்தது ஆடி. ஆடியில் யாராவது குடிபுகுவார்களா? என் மனைவி பவானி ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். வெறும் வீட்டில் பால் காய்ச்சி, உப்பையும் பருப்பையும் சாமிப்படத்தையும் அங்கே வைத்துவிட்டு ஜெர்மனிக்கே திரும்பினோம். வாடகை வீட்டை ஒப்படைத்து, மூட்டை முடிச்சோடு வந்தது ஐப்பசியில்.

வரி அலுவலக அதிகாரி தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டபோது, யோசிக்காமல் "ஜூன்" என்றேன்.

"எதற்காக வந்தீர்கள்?"

"பால் காய்ச்ச."

"ஜெர்மனியில் அதைச் செய்ய முடியாதா?"

வருட நடுவில் நாடு மாறினால், எந்த நாள் வரை ஓய்வூதியத்துக்கு அங்கே வரி, எந்த நாளிலிருந்து இங்கே என்று பிரிப்பார்களாம். ஜூன் என்றால், இடையில் வந்த பணத்துக்கு இரண்டு நாடும் கை நீட்டும். அடுக்களைக்குப் போய்ப் பவானியிடம் சொன்னேன்.

"ஐப்பசியிலைதான் வந்தனாங்கள் எண்டு திருத்திச் சொல்லப்போறன்."

பவானி அகப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப காய்ச்சின பால் பொய்யே? வராத ஆக்கள் எப்பிடிக் குடிபுகுறது?"

"சொல்லாட்டி ரெண்டு பக்கமும் வரி கட்டவேணும்."

"கட்டுங்கோ. வீடு விளங்கவேணும்."

அதிகாரி மறுபடியும் அழைத்தார். ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை அந்த வீட்டில் யார் இருந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பவானி தொலைபேசிப் பக்கம் எட்டி, "கடவுள்" என்றாள், தெளிவான ஆங்கிலத்தில்.

"அவர் வாடகை தந்தாரா?"

"இல்லை."

"நீங்கள் எங்கே படுத்தீர்கள்?"

"ஜெர்மனியில்," என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் வந்தது ஒக்டோபர்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பவானி எழுந்து போய்ச் சாமிப்படத்தைத் துடைத்தாள்.

மறுநாள் காலை அடுப்பில் புதுப்பானை, அதில் பால்.

"என்னப்பா இது?"

"அரசாங்கத்தின்ரை கணக்கிலை நாங்கள் இன்னும் பால் காய்ச்சேல்லையே."

பால் பொங்கி வழிந்தது. எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தாள். கிழக்கு. அவள் முகம் மலர்ந்தது. ஜெர்மனியும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.