பனிமலைக்கு ஒரு சட்டை

ஜப்பானிலிருந்து வந்திருந்த கடிதத்தை மணியம்மா நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியிருந்தவள் மகள் ஜெயா. ஈப்போவில் வானொலிப் பெட்டிக்கு உள்பாகம் செய்யும் ஜப்பான்காரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தத் தொழிற்சாலையே அவளையும் இன்னும் சில பெண்களையும் ஓராண்டுப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. கேமரன் மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவள்தான். அது எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசி.

விஷயம் இதுதான். ஜனவரி முடிவில் பயிற்சிப் பெண்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போகிறார்கள். காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி இறங்க வேண்டும். பினாங்குப் பெண்களும் ஈப்போப் பெண்களும் ஜெயாவைச் சூழ்ந்துகொண்டு, நீதானே கேமரன் மலைக்காரி, குளிருக்கு என்ன போடுவதென்று நீ சொல் என்கிறார்கள். அம்மா, என்ன போட்டுக்கொள்வது?

இந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. குளிரைப் பற்றித் தங்களைக் கேட்டுவிட்டார்கள் என்பதில் எல்லோருக்கும் ஒரு மிடுக்கு. காதை மூடினால் போதும், குளிர் காது வழியாகத்தான் ஏறும் என்றார் ஒருவர். காலில் தைலம் தேய்த்து இரண்டு காலுறை போடச் சொன்னார் இன்னொருவர். பக்கத்து வீட்டு ருக்குமணி, கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் படுதாவிலேயே ஒன்றை அனுப்பிவிடலாம் என்றாள்.

"அதக் கட்டிக்கிட்டு உக்காந்தா பலகையே வேணாம்லா. அப்படியே வழுக்கிக்கிட்டுக் கீழ வந்துரும் புள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். மணியம்மாவும் சிரித்தாள். ஆனால் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தபோது அவள் நினைப்பெல்லாம் வேறிடத்தில் இருந்தது.

ஜெயாவுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் மூச்சு வாங்கி, நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம் வரும். சின்ன வயதில் எத்தனையோ தடவை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். வளர்ந்த பிறகு ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து அழுத்தும் பம்பு ஒன்று கொடுத்தார்கள். இழுப்பைவிட மணியம்மாவைப் பயமுறுத்தியது வேறொன்று. அந்தப் பெண் அதை மறைப்பாள். தாய்க்கு ஒருநாள் வேலை போய்விடும் என்று, போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு கிடப்பாள். முகம் நீலம் பாரித்த பிறகுதான் தெரியவரும்.

ஜப்பானுக்குப் போகுமுன் தொழிற்சாலை டாக்டர் கேட்டபோதும் அவள் மூச்சு விடவில்லை. ஒரு நோயும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அப்படிப்பட்டவள் பனிமலை உச்சியில், அத்தனை பேர் பார்க்க, பம்பை எடுத்து வாயில் வைப்பாளா? மாட்டாள். போகாதே என்று எழுதினாலும் கேட்க மாட்டாள். இவளுக்கு மட்டும் என்ன கேடு என்று மற்றவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்றே போவாள்.

ஆக, தாயால் செய்ய முடிந்தது ஒன்றுதான். இழுப்பே வராதபடி ஒரு சட்டை.

மணியம்மா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். பதினான்கு வயதில் கூடையை மாட்டியவள் இன்னும் இறக்கவில்லை. அதிகம் பேச மாட்டாள். ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் சோறு தண்ணி நினைப்பு இருக்காது. மறுநாளே வீட்டிலிருந்த நல்ல தலையணையைப் பிரித்தாள். இலவம்பஞ்சைப் பையில் திணித்துக்கொண்டு ரிங்லெட்டில் தையல் கடை வைத்திருந்த சஃபியாவிடம் போனாள்.

சஃபியா அவளைவிட இளையவள். பள்ளிக்கூடச் சீருடையும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கும் தைப்பவள். பஞ்சுப் பையைப் பார்த்துவிட்டு, மெத்தை தைக்கத் தனக்குத் தெரியாது என்றாள். மெத்தை இல்லை, சட்டை என்று மணியம்மா விளக்கியதும் பஞ்சை ஒரு கை அள்ளி அழுத்திப் பார்த்தாள்.

"ஏங்கா, இதப் போட்டா புள்ள கைய மடக்குமா?"

"கை மடங்காட்டி என்ன. நெஞ்சு சூடா இருக்கணும்."

சட்டை ஒரு வாரத்தில் தயாரானது. உள்ளே பிளானல், நடுவில் பஞ்சு, வெளியே தடித்த துணி. தோளில் மாட்டினால் யாரோ முதுகில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. மணியம்மாவுக்குத் திருப்திதான். ஆனாலும் அனுப்ப மனம் வரவில்லை. கேமரன் குளிர் வேறு, பனி விழும் ஊர்க் குளிர் வேறு என்று கிராணி நாகரத்தினம் சொல்லியிருந்தார். தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். அந்தக் குளிரை எங்கே போய்ப் பார்ப்பது?

அவள் கணவன் கந்தன் பிரிஞ்சாங்கில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டினான். தவுக்கேயின் கொட்டகைக்குப் பின்னால் கோசும் கீரையும் வாடாமல் வைக்க ஒரு குளிர் அறை இருந்தது. அதில் அரைநாள் நின்று பார்க்க வேண்டும் என்று மணியம்மா சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த கந்தன் கையை உதறினான்.

"மனுசன் மானத்தோட வேல செய்யற எடம் அது. கோசுக்கு நடுவுல பொண்டாட்டியக் கொண்டுபோயி நிறுத்துன்னா என்னான்னு சொல்லுவாங்க?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. நான் பாட்டுக்கு நின்னுட்டு வந்துர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனான். மணியம்மா மூன்று பருத்திப் பனியன்களுக்கு மேல் அந்தச் சட்டை, கந்தனின் காற்சட்டை, ரப்பர் பூட்ஸ், காதை மூடிய கம்பளிக் குல்லாய் என்று போய் இறங்கினாள். தவுக்கே அவளைச் சுற்றி வந்து பார்த்தார். எதற்கு என்று கேட்டார். மகள் பனிமலைக்குப் போகிறாள் என்று கந்தன் மலாயில் சொன்னதும், சிரிக்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வாய்ப்புகை வெள்ளையாக வந்தது. மூக்கு நுனி எரிந்தது. ஆனால் உடம்பு கதகதப்பாகத்தான் இருந்தது. கூடைகளுக்கு நடுவே கைகளை விரித்து நின்றபடி, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள். நேரம் போனது. குளிரவில்லை.

அன்றைக்குச் சுமை ஏற்றும் ஆள் ஒருவன் வரவில்லை. கந்தன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"சும்மாதான நிக்கிற. ரெண்டு கூடையத் தூக்கு."

தூக்கினாள். வேலை அவளுக்குப் புதிதா என்ன? கோசுக் கூடைகளைச் சுமந்துகொண்டு அறையிலிருந்து லோரிக்கும், மறுபடி அறைக்குமாக நடந்தாள். சட்டைக்குள் வியர்த்து ஊற்றியது. கழுத்துப் பொத்தானைத் திறக்கப் பார்த்தாள். மடங்காத கை அங்கே எட்டவில்லை. பிறகு லோரியில் இடம் ஒழுங்கு செய்யும்வரை நில் என்று கந்தன் சொல்ல, குளிர் அறையில் நின்றாள்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே, ஈரக்கையை வைத்ததுபோல். பிறகு இடுப்புக்கு இறங்கியது. பனியன்கள் மூன்றும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு ஐஸாகிவிட்டன. பல் தந்தியடித்தது. மேலே அவ்வளவு பஞ்சு இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை.

இந்தக் குளிர் அவளுக்குத் தெரிந்த குளிர்தான். தினமும் வருவது. மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும்போது ஒருத்திக்கும் குளிராது, ஒன்பது மணிக்கெல்லாம் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிவிடுவார்கள். கொழுந்து நிறுவைக்கு வந்து வரிசையில் நிற்கும்போதுதான் நனைந்த ரவிக்கையில் காற்றுப் பட்டு நடுக்கம் எடுக்கும். இத்தனை வருஷமாக வரிசையில் நின்று நடுங்கியும், குளிர் என்றால் விடியற்காலைக் குளிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். ஜெயாவுக்கும் ஓடும்போது இழுப்பு வந்ததில்லை. மலையிறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு கத்தத் தொடங்கும்.

கந்தன் திரும்பி வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. இழுத்து வெளியே கொண்டுவந்து, கடுங்காப்பி வாங்கிக் கையில் கொடுத்தான். பைத்தியக்காரி என்று திட்டினான். திட்டிக்கொண்டே தன் துண்டால் அவள் கழுத்தைத் துடைத்துவிட்டான்.

மறுநாள் மணியம்மா மறுபடியும் தையல் கடையில் நின்றாள். முழுக்கப் பிரிக்க வேண்டும் என்றாள். சஃபியா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவ்வளவு பஞ்சையும் குத்தித் தைத்தவள் அவள்தானே. ஆனால் குளிர் அறைக் கதையைக் கேட்கக் கேட்க அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. உடம்போடு ஒட்டிப் பருத்தியே ஆகாது என்று இருவரும் முடிவு செய்தார்கள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் மெல்லிய கம்பளிச் சுவெட்டர் ஒன்று வாங்கிவந்து, கழுத்து உறுத்தாமல் சஃபியா ஓரம் மடித்துத் தைத்தாள். அதற்கு மேல் பஞ்சைப் பாதிக்கு மேல் எடுத்துவிட்ட ஒரு கையில்லாச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டுத் துணியில் ஒரு மேலங்கி. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பில் திறந்து மூடும் ஜிப்.

பம்புக்குப் பை எங்கே வைப்பது என்று சஃபியா கேட்டாள். மறைவாக உள்ளே வைத்துவிடலாமா என்றாள். தெருவில் ஒரு லோரி திணறி மேடேறிப் போய் மறைந்தது.

"வெளிய வையி, சஃபியா. நெஞ்சு மேல. பாக்குறவங்க பாக்கட்டும்."

பொட்டலத்தோடு ஒரு தாளும் போனது. மணியம்மாவின் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். ஏறும்போது திறந்து விடு. நிற்கும்போது மூடு. வேர்த்த உடுப்போடு நிற்காதே. மற்றப் பிள்ளைகளுக்கும் இதையே சொல். பிறகு சற்று இடம் விட்டு, மூச்சு வாங்கினால் மறைக்காதே என்று எழுதினாள். அதை அடித்தாள். அடித்ததற்குக் கீழேயே திரும்பவும் எழுதினாள்.

பொட்டலம் வந்து சேர்ந்தது என்று ஜனவரி நடுவில் கடிதம் வந்தது. மலையிலிருந்து திரும்பியதும் வரும் திங்கட்கிழமை, தோட்ட அலுவலகத் தொலைபேசிக்குக் கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தாள். ஜெயா மலைக்குப் போன வாரக்கடைசி மணியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு மந்தம் என்றாள். கந்தன் நம்பவில்லை. ஆனாலும் அவனும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

திங்கட்கிழமை முன்பகலில் தேயிலை மலைக்கு ஆள் வந்தது. கூடையைக் கங்காணியிடம் விட்டுவிட்டு இறங்கினாள். கிராணி நாகரத்தினம் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, சீக்கிரம் வா என்று கையாட்டினார்.

ஜெயா படபடவென்று பேசினாள். மலை முழுக்க வெள்ளை, அம்மா. முதல் நாள் விழுந்துகொண்டே இருந்தோம். வெளிச்சட்டை மட்டும் அங்கேயே வாடகைக்குக் கொடுத்தார்கள், ஆனால் நான் நீ அனுப்பியதைத்தான் போட்டேன். இன்னொரு பெண் என்னைப் பார்த்துத் தன்னுடையதையும் திறந்து மூடி, திறந்து மூடி… மணியம்மா ஒன்றையும் கேட்கவில்லை. அவள் காது சொற்களுக்கு இடையில் இருந்தது.

"ஜெயா. பேசாத. கொஞ்ச நேரம் சும்மா இரு."

"காசு ஓடுதும்மா."

"ஓடட்டும். சும்மா இரு."

கம்பிக்குள் இரைச்சல். அதற்கு அந்தப் பக்கம் மூச்சு போய் வந்தது. மணியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு முடியும் இடத்தில் மெல்லிய விசில் ஒன்று இருந்தது.

"இழுக்குது."

ஜெயாவின் குரல் மாறியது. இரண்டாம் நாள் பகலில் வந்துவிட்டது. கம்பியில் தொங்கி மேலே ஏற்றும் நாற்காலிக்குக் காத்து நிற்கும்போது. சட்டையை மூடித்தான் இருந்தேன், அப்படியும் வந்துவிட்டது.

"பம்ப எடுத்தியா?"

"எடுத்தேன்."

"யாருக்கும் தெரியாமயா?"

"இல்லம்மா. எல்லாரும் நின்னாங்க. எடுத்துட்டேன்."

கூடப் போயிருந்த மேற்பார்வைக்கார அம்மாள் பார்த்துவிட்டு, பலகைகளைக் கழற்றிக் கீழே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாளாம். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாளாம். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றாள் ஜெயா. நாளைக்குத் தொழிற்சாலை டாக்டரிடம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அனுப்பிருவாங்கன்னு நெனைக்கிறேம்மா."

"அனுப்பினா வா. ஒண்ணும் கெட்டுப்போகல."

அந்தப் பக்கம் அழுகிறாளா, இழுப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று மணியம்மாவுக்குப் பட்டது. மெதுவா விடு, மெதுவா விடு என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். தொடர்பு அறுந்தது.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தாள். கிராணி அதை வாங்கி வைத்தார். அவருக்கும் அந்தச் சட்டைக் கதை முழுக்கத் தெரியும்.

"என்ன மணியம்மா, சட்ட அளவு சரியா இருந்துச்சாமா?"

மணியம்மா அவரைப் பார்த்தாள். அதை மகளிடம் கேட்கவே இல்லை.