றஹீமா டீச்சரின் சின்னத் தாள்கள்

கல்முனைச் சந்தையில் கீரிமீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்றேன். மகள் தொலைபேசியில் அழைத்து, "உம்மா, றஹீமா டீச்சர் மௌத்தாயிட்டா" என்றாள். இன்னாலில்லாஹி என்று வாய் சொன்னதே தவிர மனம் அந்த மரணத்தை ஏற்கவில்லை. முதல் நாள்தான் ஆசிரியர் அறையில், என் தேநீரில் சீனி கூடிப்போயிற்று என்று என்னோடு சண்டை பிடித்திருந்தார்.

நானும் படிப்பிக்கும் நம் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர். கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படியிருந்தும் டீச்சரின் குசினி அலுமாரியில் ஒரு பால்மா டின் நிறையச் சல்லித் தாள் இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். "நான் வேலை செஞ்ச பேங்குல என்ட பொண்டாட்டிக்கே நம்பிக்க இல்ல" என்று கணவர் நம்மிடம் முறையிடுவார். "பேங்குல நம்பிக்க இரிக்கி. கரண்டுலதான் இல்ல" என்பார் டீச்சர். நாம் சிரிப்போம்.

அந்த டின்னில் யாரையும் கை வைக்க விடமாட்டார். மகன் புதிய கைப்பேசிக்குக் கேட்டபோது, "போன் இல்லாட்டி மூச்சு நிண்டுருமா?" என்று அனுப்பிவிட்டார். ரமழான் வந்தால், கடற்காற்றில் ஒட்டிப்போன தாள்களைப் பிரித்து வெயிலில் உலர்த்துவார். அதற்கும் சேர்த்தே ஏழைகளுக்கான ஸகாத் கொடுப்பார். "சும்மா கிடக்கிற சல்லிக்கு வருஷா வருஷம் ஸகாத்தா?" என்று நான் சீண்டுவேன். "அது சும்மா கிடக்கல்ல, காவலுக்கு நிக்கி" என்பார்.

பிறகு அந்தப் புயல்மழை வந்தது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. பணம் எடுக்கும் இயந்திரங்கள் செத்துக் கிடந்தன. மருமகன் கொழும்பில் அகப்பட்டிருந்த நேரத்தில் என் மகளுக்கு வலி கண்டு, பனிக்குடமும் உடைந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். வயல்காரர் ஒருவர் தன் உழவு மெஷினோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "எனக்கு ஒண்டும் வேணாம் டீச்சர். டீசலுக்குத்தான் சல்லி வேணும். எண்ணெய் ஷெட்டுல கார்ட் எடுக்க மாட்டாங்களாம்" என்றார் என்னிடம். என் சம்பளம் முழுவதும் வங்கியில். அயலாரிடம் இருந்ததெல்லாம் அரிசிக்கும் மெழுகுதிரிக்கும் போயிருந்தது. மகள் சுவரைப் பிடித்து முனகினாள். அடுத்த வீட்டுக்காரியை றஹீமா டீச்சரிடம் அனுப்பினேன்.

டின்னைத் தலையில் வைத்துப் பிடித்தபடி டீச்சரே தண்ணீருக்குள்ளால் வந்தார். எவ்வளவு வேண்டும் என்று கேட்கவில்லை. "டீசலோட முடியாதுகா. ஆஸ்பத்திரில மருந்தும் வெளிய வாங்கச் சொல்லுவாங்க. எல்லாத்தையும் கொண்டு போங்க" என்று டின்னோடு தந்துவிட்டு, மகளைத் தாங்கிப் பிடித்து மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டொக்டர். அதைக் கேட்டு நான் டீச்சரின் தோளில் விழுந்து அழுதேன்.

மின்சாரம் வந்ததும் ஐயாயிரம் ரூபாய்த் தாள்களாகத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "வெள்ளத்துக்க இத ஆருகா மாத்தித் தாற? நூறு, ஐந்நூறாக் கொண்டு வாங்க." உயிரைக் காத்த மனுஷி என்றும் பாராமல் திட்டிக்கொண்டே கடை கடையாக ஏறி இறங்கினேன்.

அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. டீச்சரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். என் குசினியிலும் இப்போது சின்னத் தாள்கள் இருக்கின்றன. கல்யாணம் வந்தாலும் பெருநாள் வந்தாலும் அதில் ஒன்றைக்கூட எடுக்கமாட்டேன்.

போன கிழமை கொழும்பிலிருந்து வந்த என் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். "இந்தக் காலத்தில ஆரு ராத்தா வீட்டுல சல்லி வெக்கிற? எல்லாம் போன்லதானே."

அந்த வெள்ளத்தில் பிறந்த பேத்தியைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன்.

"ஓம் தம்பி. இவட உம்மாட போன்லயும் அண்டைக்கு நிறையச் சல்லி இரிந்த" என்றேன்.