பத்துத் திரையும் சொன்ன பதில்

பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மடுக்கோயில் மாதாவைத் தவிர வேறெதையும் நம்பாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் கூடினால் வாய் திறக்கவும் கூசுவேன். இதை எழுதுவதுகூட, வாயால் சொன்னால் நீங்கள் என் முகத்தைப் பார்த்தே சிரித்துவிடுவீர்கள் என்றுதான்.

சண்டை முடிந்து, இந்தியாவில் அகதி முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பியபின், கோயிலடியில் தொடங்கவிருந்த கம்பியூட்டர் வகுப்பில் எனக்குக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. படிப்பிக்க வந்தவள் ஜெசிந்தா, அவளும் முகாமில் வளர்ந்த பிள்ளைதான். மேசைகளில் பத்துத் திரைகள், மூலையில் ஒரேயொரு பெரிய பெட்டி. விடிந்தால் கொழும்புக் கந்தோரிலிருந்து அதிகாரியான ஒரு பெரியவர் பார்க்க வருகிறார், பத்தும் ஓடாவிட்டால் வகுப்பை வவுனியாவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு அவளுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

"ஒரு பெட்டிக்குள்ள எப்பிடிப் பிள்ளை பத்துக் கம்பியூட்டர் இருக்கும்?"

"அதுகளுக்கு உடம்பில்லை அன்ரி. இந்தப் பெட்டிக்குள்ள வந்து தங்கிறதால விருந்தாளி எண்டு சொல்லுறது. முதல் ஒண்டை வடிவாச் செய்து அச்சு மாதிரி வைச்சிட்டா, பிறகு வேணுமெண்டளவு நகல் எடுக்கலாம். ஆனா அச்சை மூட முன்னம் உள்ளுக்கு ஒருத்தற்ற பேரும் கிடக்கக் கூடாது. கிடந்தா பத்திலயும் வரும்."

"உடம்பில்லாத விருந்தாளியோ? அதை எங்கட ஊரில பேய் எண்டெல்லோ சொல்லுறது!"

"சும்மா இருங்கோ அன்ரி!"

அச்சை மூடாமலே அவள் சாப்பிடப் போனாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தேன். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. என் மனுசன் முகாமில் காய்ச்சலில் செத்து எத்தனையோ வருசம், என்றாலும் சாப்பிட முன்னம் அவரை ஒருமுறை கூப்பிடுவேன். "இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ." உயிரோடிருந்தபோதே கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டு "இந்தா வாறன்" என்பாரே தவிர, சோறு ஆறிக் குழம்பு உறைந்தாலும் வரமாட்டார்.

ஜெசிந்தா திரும்பி வந்து அச்சை மூடினாள், பத்து நகலும் எடுத்தாள்.

மறுநாள் பெரியவருக்கு முன்னால் முதல் திரையைத் தட்டினாள். நம்பினால் நம்புங்கோ, "இந்தா வாறன்" என்றது. என் மனுசனின் அதே கரகரத்த குரல், பின்னால் அவரின் சுருட்டு இருமல். ஆனால் திரை கறுப்பாகவே கிடந்தது. அடுத்ததும் "இந்தா வாறன்". பத்தும் அப்படியே சொல்லிப்போட்டு, பத்தும் வராமல் கிடந்தன. ஜெசிந்தா திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் வெட்கம் எங்கே போனதோ தெரியாது, தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று கத்திவிட்டேன்.

"பிள்ளையின்ர மானம் போகுது, ஒருக்கா வாங்கோவனப்பா!"

பத்துத் திரையும் ஒன்றாய் வெளிச்சம் பிடித்தன.

பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கட கந்தோரில மனிசரே இப்பிடி மரியாதையாப் பதில் சொல்லுறேல்லை" என்றார். வகுப்பு மன்னாரிலேயே நிலைத்தது.

ஜெசிந்தா பிறகு அந்த அச்சைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வர ஸ்பீக்கரே அப்போது வாங்கியிருக்கவில்லையாம். புது அச்சுச் செய்தாள், குரலும் நின்றது. சரி, போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

போன கிழமை மத்தியானம் கரண்ட் இல்லை. பார்சலை அவிழ்த்து, பழக்கத்தில் கூப்பிட்டேன். அணைந்து கிடந்த பெட்டிக்குள்ளிருந்து முதலில் இருமல் கேட்டது. பிறகு, அந்த மனுசன் என்னோடு வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் சொல்லாத சொல்.

"வந்திட்டன்."