மாமனார் சைக்கிளோடு திருப்பதிக்கு

காலை ஆறு மணிக்குச் சித்தூரில் எங்கள் தெருவை விட்டுக் கிளம்பினோம். டிராக்டர் ஓட்ட முனிரத்னம், அவர் பக்கத்து மட்கார்டில் நான், பின்னால் டிரெய்லரில் ஐந்து பழைய சைக்கிள்கள். திருப்பதி எழுபது கிலோமீட்டர். அங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாம் கூடுகிறார்கள்; மதியம் இரண்டு மணிக்கு ஊர்வலம். வாடகை போக வர நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மினி லாரி பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் போகலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒன்றரை மணி நேரத்தில் போகிற வண்டியில் சைக்கிள் துள்ளும். முனிரத்னம் வருஷா வருஷம் பெனிஷா மாம்பழம் ஏற்றுகிறவர். அவர் வண்டியில் ஒரு பழம்கூடக் கன்றாது என்று கேள்விப்பட்டுத்தான் அவரைப் பிடித்தேன்.

ஐந்தில் நான்கு என்னுடையவை. அவற்றில் கீறல் விழுந்தால் நான் மட்டும் வயிறு எரிந்துவிட்டுப் போவேன். ஐந்தாவதுதான் வம்பு. அது என் காலஞ்சென்ற மாமனார் ஊர் ஊராகப் போய் ஜெபக்கூட்டம் நடத்திய சைக்கிள்; இப்போது மச்சான் சாமுவேலுக்குச் சொந்தம். கறுப்பு பெயின்டும் அதன் மேல் பொன்னிற எழுத்தும் அந்தக் காலத்தில் போட்டபடியே இருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன் மச்சானின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி, முன்பக்கத்தை நசுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து சர்ச் வாசலில் ஒரு ஸ்தோத்திரம், அதோடு சரி. எங்கள் வீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. என் மனைவி எஸ்தர்தான் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சைக்கிளை வாங்கித் தந்தாள். "இதுலயும் ஏதாவது ஆச்சுன்னா எங்கண்ணன் இந்த ஊட்டுக்கு வரவே மாட்டாரு, பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மச்சான் பஸ் பிடித்து நேராகத் திருப்பதிக்கே வந்து சைக்கிளைப் பார்ப்பதாக ஏற்பாடு.

ஏற்றுவதற்கே முந்தின நாள் இரண்டு மணி நேரம் பிடித்தது. பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, ஒன்றின் தலை முன்னால் என்றால் அடுத்ததன் தலை பின்னால் என்று நிறுத்தினோம். நடுவில் வைக்கோல். கயிற்றை முனிரத்னம் தொடவே விடவில்லை. "கயிறு பெயின்ட்ட துன்னுடும் சார்" என்று பழைய டியூபைக் கிழித்துச் சக்கரத்தோடு இழுத்துக் கட்டினார். "பழமா இருந்தாலும் இரும்பா இருந்தாலும், ஒண்ணோட ஒண்ணு ஒரசாம இருந்தா போதும்." மாமனார் சைக்கிளுக்கு எஸ்தரின் பழைய நூல் புடவையைச் சுற்றினேன்.

ஆறு ஐம்பதுக்குக் காணிப்பாக்கம் திருப்பம் வந்ததும் வண்டி உள்ளே வளைந்தது. "டிரெய்லருக்குப் புது டயரு ரெண்டு போட்டுக்கிறேன். பிள்ளையாருக்குக் காட்டாம எப்டி சார் போறது?" நியாயம்தான். அவர் பூஜையை முடிக்கட்டும் என்று நான் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினேன். பதினைந்து ரூபாய் டீ, சுமாராக இருந்தது.

திரும்பி வந்தால், ஐந்து சைக்கிளுக்கும் சாமந்தி மாலை, ஹேண்டில்பாரில் மஞ்சள், நெற்றியில் குங்குமம். புடவை அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மாமனார் சைக்கிளின் பொன்னெழுத்தின் மேலேயே மூன்று விரல் மஞ்சள்.

"யாருய்யா உன்னை இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"வண்டிக்குப் போட்டுக்கினு சைக்கிளுக்குப் போடாம வுட்டா நல்லாவா இருக்கும்? ஏம் காது சார், ஒண்ணும் ஆவாது."

அவருக்கு ஒன்றும் ஆகாது. ஜெபக்கூட்டம் நடத்திய சைக்கிளைக் குங்குமத்தோடு மச்சான் முன்னால் நிறுத்தப்போவது நானல்லவா? தண்ணீர் போட்டுத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். தேய்க்காவிட்டால் மானம் போகும். பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட் வாங்கினேன். வண்டி புறப்பட்டதும் டிரெய்லரிலேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டேன். புடவை நுனியில் எண்ணெயைத் தொட்டு எழுத்து எழுத்தாக ஒற்றி எடுத்தேன். பூதலப்பட்டு போய், பாகாலா போய், சந்திரகிரி நெருங்கும்போதுதான் கடைசி மஞ்சள் போயிற்று. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் முனிரத்னம் வண்டியைத் தவழவிட்டது பெரிய புண்ணியம். மாலையையும் கழற்றி என் சைக்கிள் ஒன்றின் கழுத்தில் போட்டேன். பத்தே கால் மணிக்கு, சந்திரகிரிக் கோட்டையைப் பார்த்தபடி, அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பதினொன்றேகாலுக்கு மைதானம். வாசலிலேயே மச்சான். டிரெய்லரில் ஏறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மட்கார்டு, செயின் கவர், எழுத்து என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு மற்ற நான்கையும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இன்னா மாப்ள, உன் சைக்கிளுக்கெல்லாம் மாலையும் பொட்டும் வெச்சிக்கினு, எங்க நைனா சைக்கிள மட்டும் மொட்டையா கொண்டாந்துகிற? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

முனிரத்னம்தான் போட்டுக்கொடுத்தார். "நான் அஞ்சுக்கும் போட்டேன் சார். இவருதான் தொடச்சிக்கினே வந்தாரு, மூணு மணி நேரமா."

மச்சான் என் கையைப் பார்த்தார். பத்து விரலும் மஞ்சள், நகத்தடியில் குங்குமம், முழங்கை வரை எண்ணெய். வைக்கோல் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எழுந்ததும் என் சைக்கிள்களில் எதன் கழுத்தில் இரண்டு மாலை இருக்கிறது என்று பார்த்து, இரண்டையுமே எடுத்து அவர் நைனா சைக்கிளுக்குப் போட்டார். ஊர்வலத்தில் அதை அவரேதான் ஓட்டினார். வயது அறுபத்திரண்டு, மைதானத்தை மூன்று சுற்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

நான்கரைக்குத் திரும்பக் கட்டி ஏற்றினோம். பஸ்ஸுக்குப் போவார் என்று நினைத்தேன். மச்சான் டிரெய்லரில் ஏறி, நைனா சைக்கிளுக்குப் பக்கத்தில் வைக்கோலை ஒழுங்கு செய்துகொண்டு உட்கார்ந்தார். நானும் ஏறினேன். சந்திரகிரி தாண்டும்போது எஸ்தர் போன் செய்தாள். "கீறல் ஏதாவது வுழுந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் மச்சான் போனை வாங்கிக்கொண்டார்.

"எஸ்தர், ராத்திரிக்கு இன்னா சமையல்? வந்துகினு கீறோம்."

லைன் போய்விட்டதோ என்று மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு எஸ்தரின் குரல் எனக்கும் கேட்டது.

"நீயுமா வர, அண்ணா?"