ஷோகேஸுக்குப் போன பிரேக்

நியூசிலாந்தில், பிளாட் புஷ் என்ற புறநகரில் நான் வாடகைக்கு இருந்த அறையில் என்னோடு ஒரு காரும் குடியிருந்தது. அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது கேரேஜ். ஒரு பாதியில் என் கட்டில், மேசை, அரிசி குக்கர். மறுபாதியில் வீட்டுக்கார அங்கிளின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம். நடுவில் ஒரு திரைச்சீலை. காரின் பக்கம் ஈரத்தை உறிஞ்ச ஒரு இயந்திரம் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். என் பக்கத்துச் சுவரில் பூஞ்சை பிடித்தபோது ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார் அங்கிள்.

"காருக்குத் துருப் பிடிக்கும் தம்பி. உமக்குப் பிடிக்காதுதானே."

அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர். நான் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்து, மற்றவர்களின் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. அடுத்த மாதம் வருகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊரில் என் மாமனார் 'மாப்பிள்ளை நியூசிலாந்தில் எஞ்சினியர்' என்று சொல்லிப் பெண் கொடுத்திருந்தார். அந்த எஞ்சினியர் ஒரு காரோடு திரைச்சீலை போட்டுக் குடும்பம் நடத்துகிறார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவளிடமும்தான்.

அங்கிளிடம் போய் நின்றேன். முழு கேரேஜையும் எங்களுக்கே தர முடியுமா என்று கேட்டேன். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். ஒனிஹங்காவில் அவருடைய கூட்டாளி ஒருவரின் ஷெட் காலியாக இருக்கிறது, காரை அங்கே விடலாம். ஆனால் கார் தன் சக்கரத்தில்தான் போக வேண்டும், இழுத்துக்கொண்டு போவது அவமானம். அதற்கு வாரண்ட் எடுக்க வேண்டும். இந்த ஊரில் வண்டி ஓடத் தகுதியானது என்று சோதித்துக் கொடுக்கும் சான்றுக்கு அதுதான் பெயர். வாரண்டுக்கு பிரேக் பிடிக்க வேண்டும். அந்தக் காரில் பிரேக் பிடித்தபடியே இறுகிப் பல வருடம் ஆகியிருந்தது. விட்டால்தானே மறுபடி பிடிக்க?

"நீர் மெக்கானிக்கல் எஞ்சினியர்தானே. உதென்ன உமக்குப் பெரிய வேலையே?"

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர்தான். காலிப்பரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன். உண்மையான காலிப்பரை அதுவரை தொட்டதில்லை. எங்கள் கல்லூரியில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, சாவி துறைத்தலைவரிடம்.

சக்கரத்தோடு சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடிதான் காலிப்பர். பிரேக்கை மிதித்தால் உள்ளே வரும் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பிரேக் பேடைத் தள்ளும், பேடு தட்டை அழுத்தும். பரீட்சைக்கு இவ்வளவு போதும். முன்சக்கரத்து இரண்டு காலிப்பர்களையும் கழற்றி மேசையில் வைத்தபோது, பிஸ்டன்கள் உள்ளே துருவேறி, எதற்கும் அசையாமல், சங்கக் கூட்டத்தில் பழைய தலைவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தன. கம்ப்ரசரின் காற்றைக் கொடுத்தேன். எதிரே மரக்கட்டையும் பழைய துண்டும் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. முதல் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டுபோல் வந்து கட்டையில் மோதியது. மிஞ்சியிருந்த பழைய பிரேக் ஆயில் என் அரிசி குக்கரின் மேல் தெறித்தது.

வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் அதற்கே போயிற்று. பிஸ்டன் ஓடும் துளைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். துருப்பிடிக்காத எஃகில் புதுப் பிஸ்டன், புது ரப்பர் வளையம், அதற்கென்றே விற்கும் கிரீஸ். வளையத்துக்கு நல்லெண்ணெய் தடவலாமே என்று அங்கிள் யோசனை சொன்னார். நல்லெண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்றேன். "எங்கட ஆக்கள் தலைக்கே வைக்கினம்" என்றார். தலை ஊதியதற்கு ஆதாரம் எதிரிலேயே நின்றது. கிரீஸையே தடவினேன்.

என் தப்பு ஒன்றே ஒன்று. வேலையை அழகாகச் செய்துவிட்டேன். ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். படித்தவன் ஆயிற்றே, முறைப்படி செய்வோம் என்று காலிப்பர்களின் உடல்பகுதிகளை ஒனிஹங்காவில் முலாம் பூசுகிற ஒரு பட்டறையில் கொடுத்தேன். துத்தநாக முலாம், அதன்மேல் மஞ்சள் பளபளப்பு. திரும்பி வந்தபோது இரண்டும் கல்யாண நகைபோல் மின்னின. புதுப் பிஸ்டன்களை உள்ளே இறக்கி, மாட்டத் தயாராக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை வந்து பார்த்தால் மேசையில் காலிப்பர்கள் இல்லை. மேலே ஹாலில், ஷோகேஸின் நடுத்தட்டில், விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்கார ஆன்ட்டியின் கண்ணாடி அன்னங்கள் இரண்டும் சமையலறை ஜன்னலுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தன.

"அங்கிள், அதைக் காருல மாட்டணும்."

"மாட்டலாம் தம்பி, என்ன அவசரம்? மாட்டினா சக்கரத்துக்குள்ள மறைஞ்சு போயிடும். தூசு வேற. ஆக்கள் வந்து பாக்கட்டும் முதல்ல."

ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வடை சாப்பிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அங்கிள் "எல்லாம் வீட்டிலேயே செய்தது" என்றார். யார் செய்தது என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழே கார் நான்கு ஸ்டாண்டின் மேல், முன்சக்கரம் இல்லாமல், என் கட்டிலைப் பார்த்து நின்றது. மனைவி தினமும் போனில் வீட்டைக் காட்டச் சொன்னாள். நான் முற்றத்தில் நின்று முன்பக்கத்தை மட்டும் காட்டினேன்.

என்னைக் காப்பாற்றியவர் ஒரு மதுரைக்காரர். த்ரீ கிங்ஸ் பக்கம் வீடு, புது எலெக்ட்ரிக் கார், அங்கிளின் பழைய நண்பர், பழைய எதிரி. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஷோகேஸின் முன் கைகட்டி நின்றார்.

"ஏன்ணே, கார் கீழ இருக்கு, பிரேக் மாடியில இருக்கு. அவசரம்னா எதை மிதிப்பீங்க, சோபாவையா?"

"உமக்கு உதுகளின்ர வடிவு விளங்காது. உம்மட கார் ஒரு பெரிய போன்."

"போனாவே இருக்கட்டும்ணே. போற எடத்துக்குக் கூடவே வருதுல்ல? நீங்க அந்தக் காருக்கு டிரைவரா, வாட்ச்மேனா?"

ஹாலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது ஆன்ட்டி. மறுநாள் காலை காலிப்பர்கள் என் கட்டிலின்மேல் கிடந்தன.

மாட்டிய பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் மிதி பஞ்சு மாதிரி இறங்கும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். அங்கிளுக்கு முழங்கால் வலி. ஆன்ட்டி ஹவுஸ்கோட்டோடு வந்து டிரைவர் இருக்கையில் ஏறினார்.

"இந்த சீட்டில இண்டைக்குத்தான் இருக்கிறன். அதுவும் கார் ஓடாத நேரம் பாத்து."

"மிதிங்க ஆன்ட்டி. அப்படியே பிடிச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"விடமாட்டன். இவரோட இவ்வளவு காலம் இருந்தனான், காலை அமத்திப் பிடிக்கிறதெல்லாம் ஒரு வேலையே?"

"உதை அவனுக்கு ஏன் சொல்லுறீர்?" என்றார் அங்கிள் வாசலிலிருந்து.

மிதி கல்லாக இறுகியது. வாரண்ட் சோதனையில் ஒரு பையன் காருக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்து, பிரேக்கை உருளையில் ஓட்டிப் பார்த்து, காலிப்பரைக் கண்டதும் விசிலடித்தான். பாஸ். அங்கிளுக்குக் கால் தரையில் இல்லை. ஒனிஹங்காவுக்குப் புறப்பட்டோம். திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை.

"அங்கிள், ஒனிஹங்கா அந்தப் பக்கம்."

"தெரியும் தம்பி. இவ்வளவு வடிவா வந்த காரை ஆரோ ஒராளின்ர ஷெட்டில கொண்டுபோய் விடுறதே? வீட்டிலேயே நிக்கட்டும்."

"என் வைஃப் அடுத்த வாரம் வர்றா அங்கிள்."

"கட்டிலைச் சுவரோட தள்ளினா ரெண்டு பேருக்குக் காணும். கார் உங்களுக்கு என்ன செய்யுது? அது பேசாமத்தானே நிக்குது."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. மிகவும் பணிவாகத்தான் வந்தது.

"இப்ப அந்தப் பையன் காருக்கு அடியில லைட் அடிச்சுப் பார்த்தான்ல அங்கிள்? சிட்டி கவுன்சில்ல சொன்னா கேரேஜுக்கும் அதே மாதிரி ஆள் வந்து பார்ப்பாங்களாம். அனுமதியில்லாம யாரு தங்குறாங்க, சுவர்ல என்ன பூஞ்சை, எல்லாம்."

அங்கிள் பிரேக்கை மிதித்தார். கார் அந்த இடத்திலேயே நின்றது. முன்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் கவ்வின. ஒரு பக்கம் இழுக்கவில்லை, சத்தமில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு திருப்தி வந்தது, மறைக்க மாட்டேன்.

அவர் காரை நேரே வீட்டுக்கு விட்டார். வீட்டில் ஆன்ட்டியிடம் என்ன சொன்னாரோ, ஆன்ட்டியின் பதில் மட்டும் படியில் இறங்கி வந்தது.

"இங்க ஒரு அறை கனடாவில இருக்கிற சொந்தக்காரர் வந்தா நிக்க எண்டு பூட்டிக் கிடக்கு. அவையள் எப்பவாவது வந்தவையே? குடுங்கோ திறப்பை."

"புது மெத்தையெல்லோ."

"மெத்தை படுக்கத்தான்."

ஒரு வாரத்தில் மனைவி வந்தாள். இரண்டு பெட்டியையும் நான் மாடிக்குத் தூக்கினேன். அங்கிள் எங்களுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து, விருந்தினரை வரவேற்கும் முகத்தோடு ஒதுங்கி நின்றார்.

"பிள்ளை, மெத்தையில இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழட்ட வேண்டாம். பழுதாப் போகும்."

அவர் வெளியே போனார். அவள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போட்டது. கொஞ்சம் நகர்ந்து பார்த்தாள், மறுபடியும் சத்தம். அறையைச் சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இங்க கத்தரிக்கோல் எங்க இருக்கும்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

சமையலறையிலிருந்து, இழுப்பறையை இழுக்கும் சத்தத்தோடு, ஆன்ட்டியின் குரல் வந்தது.

"குசினியில, மேல் லாச்சியில கிடக்கு பிள்ளை. வந்து எடும்."