ஒரு வரி இடம்

‘அசாம்போய்’ப் பழம் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ரமணி அக்கா கேட்கிறார்: “பொண்ணோட அம்மா பேரு என்னா?” பதில் வரும்வரை விசைப்பலகையில் கை படாது. உப்பும் புளிப்புமான அந்த உலர்ந்த பழத்தின் சதையெல்லாம் கரைந்த பிறகும் கொட்டையைத் துப்பமாட்டார். அழைப்பிதழில் வரவேண்டிய பெயர்களெல்லாம் வந்து, வாடிக்கையாளர் மாதிரித் தாளில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் அது காலடியில் இருக்கும் பால் டின்னில் ‘டங்’கென்று விழும். சில நாள்களில் ஒரே கொட்டை காலையில் பசியாறும் நேரத்திலிருந்து மத்தியானம் வரை கன்னத்தில் கிடக்கும்.

லிட்டில் இந்தியாவின் ஒரு சந்தில், புடவைக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த அச்சுக் கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் தமிழில் அடித்துப் பக்கம் அமைப்பவர் ரமணி அக்கா ஒருவர்தான். வயது ஐம்பத்திரண்டு. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறார்.

நான் முதலில் அங்கே போனது என் புதுமனை விழாவுக்கு. ‘திரு. திருமதி தயாளன்’ என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் தேடிப் பார்த்தார். “வீட்டுப் பத்திரத்துல அவங்க கையெழுத்தும் இருக்குதானே தம்பி? இங்க மட்டும் ஏன் ஒளிஞ்சிக்கிட்டு இருக்காங்க?” எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இருந்தாலும் பெயரைச் சொல்லிவிட்டேன். வீட்டில் என் மனைவி அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கணினியில் கல்யாண அழைப்பிதழுக்கான மணப்பெண் படங்கள் நாற்பது இருக்கின்றன. முப்பத்தொன்பதில் பெண் தலையைக் குனிந்திருக்கிறாள். அந்தத் தொகுப்புக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் ‘கழுத்து வலி’. மிச்சமிருக்கும் ஒருத்தி நேராகப் பார்க்கிறாள். யார் வந்தாலும் அவளைத்தான் முதலில் காட்டுவார். நினைவஞ்சலி அட்டைக்கு வருகிறவர்களும் தப்ப முடியாது. “ஆம்பள செத்தா லோரி டிரைவரு, கிராணி, கோயில் தலைவருன்னு போடுறீங்க. பொம்பள செத்தா குலவிளக்கு, குடும்ப விளக்கு. வெளக்குக் கடையே வைக்கலாம்லா! உங்கம்மா என்னா வேல செஞ்சாங்க, அதச் சொல்லுங்க.” மகன்கள் விழிப்பார்கள். பிறகு நினைவு வரும்: மீன் தொழிற்சாலையில் முப்பது வருஷம். அது அட்டையில் ஏறும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் பெண்ணியம் பற்றிப் பேட்டி கேட்டபோது மட்டும் அக்கா தடுமாறிப்போனார். “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பேரு விட்டுப்போச்சுன்னா எனக்குக் கை ஓடாது, அவ்வளவுதான்.”

கை ஓடாததற்குக் காரணம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அது அவருடைய சொந்தக் கல்யாண அழைப்பிதழ். அப்பா இறந்தபின் பைராம் தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கி மகளை வளர்த்தவர் அம்மா வடிவம்மாள். அழைப்பிதழில் அழைப்பவர்கள் மாமாவும் அத்தையும். தாலி இழந்தவளின் பெயர் மங்கள காரியத்தில் வரக்கூடாதாம். அந்த அட்டையில் ‘வடிவம்மாள்’ என்பது ஓரமாக, பால்பாயிண்ட் பேனாவில், மகள் கையெழுத்தில் மட்டும் இருக்கிறது. “அம்மா அப்ப அத வாங்கிப் பாத்துட்டு, அச்சு நல்லா இருக்குன்னு சொன்னாங்க தம்பி,” என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

கடை முதலாளி மோகனராஜுக்கு முப்பது வயது. அக்காமேல் மரியாதை உள்ளவர்தான். ஆனால் போன மாதம் இந்தக் கேள்வியால் இரண்டு ஆர்டர்கள் கைநழுவிப் போயின. “இன்னொரு கஸ்டமர் கோவிச்சிக்கிட்டுப் போனா, நீங்க வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்க்கா,” என்று சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு சட்டம் உண்டு. மாதிரித் தாளில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் சொன்னதுதான் கடைசி. பிறகு யார் வந்து கத்தினாலும் ஒரு புள்ளி மாறாது. பங்காளிச் சண்டையில் ஒரே அழைப்பிதழை மூன்று தடவை அடித்து நொந்துபோனவர் போட்ட சட்டம் அது.

சென்ற சனிக்கிழமை எங்கள் மன்றத்து அழைப்பிதழுக்காகக் காத்திருந்தேன். சுங்கை பாக்காப்பிலிருந்து அய்யாக்கண்ணு என்பவர், தம்பி மகள் சாந்தினியின் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்திருந்தார். கூடவே சாந்தினியும் அவள் தாயாரும். தாயார் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணோட அம்மா பேரு?”

“அது வேணாம்லா. தம்பி தவறி ஏழு வருஷம் ஆச்சு. நானும் என் பொஞ்சாதியும்தான் அழைக்கிறோம்.”

அய்யாக்கண்ணு கெட்டவர் இல்லை. தம்பி போன நாளிலிருந்து அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர், காலையில் தன் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தவர். அவர் செய்த நல்லதையெல்லாம் நினைத்தபோதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்கா மறுபேச்சுப் பேசாமல் அடித்து, மாதிரித் தாளை நீட்டினார். நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது.

“இதென்னா ஓட்ட? மேல இழுத்து மூடு.”

“பேரு வர்ற எடம்ண்ணே.”

“வேணாம்னு சொன்னேன்ல? கார்டு அடிக்க வந்தமா, உங்கிட்ட நியாயம் கேக்க வந்தமா?” அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “மோகனராஜ்! என்னாப்பா கட நடத்துற? இங்க வேற கடையே இல்லையா?”

மோகனராஜ் உள்ளேயிருந்து வந்தார். தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “அக்கா, மூடிருங்க,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இந்த வயதில் இன்னொரு கடையில் யார் வேலை தரப்போகிறார்கள்?

அக்கா மவுசில் கை வைத்தார். எடுத்துவிட்டார். பிறகு விசைப்பலகையைப் பெஞ்சுப் பக்கமாகத் தள்ளினார். “அக்கா, இப்படி வாங்க. இந்தப் பட்டன ஒரு தடவ தட்டுனா எடம் மூடிக்கும். என்னால முடியல. வேணாம்னா நீங்களே தட்டிருங்க.”

“அவங்கள ஏன் இழுக்கிற?”

கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்த சாந்தினி தலை நிமிர்ந்தாள். “பெரியப்பா, அம்மா செய்யட்டும்.”

தாயார் எழுந்து வந்தார். “எனக்கு இதெல்லாம் தெரியாதேம்மா.”

“ஒரே தட்டுதான்க்கா.”

அவர் விரல் பட்டன்மேல் போய் நின்றது. திரையில் மகளின் பெயர் இருந்தது. ‘அமரர்’ என்ற அடைமொழியோடு இறந்துபோன கணவரின் பெயரும் இருந்தது. உயிரோடு நின்றவருக்குத்தான் இடமில்லை. எனக்கு அந்த விரலைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றிருந்தது.

விரலை அவரே எடுத்துக்கொண்டார். “எம்பேரு ஜெயலெட்சுமி,” என்றார் திரையைப் பார்த்தபடி. பிறகு திரும்பினார். “மாமா, நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன். உங்க பேரு மேலயே இருக்கட்டும். ஆனா நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?”

அய்யாக்கண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், எங்களுக்கு முதுகு காட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டார்.

அக்கா பெயரை அடித்து இன்னொரு தாள் எடுத்தார். “யாரு கையெழுத்துப் போடுறது?” என்றார் மோகனராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டே. அக்கா பேனாவை ஜெயலெட்சுமியின் கையில் கொடுத்து, கட்டத்தைக் காட்டினார். அந்த அம்மாள் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகப் போட்டார். மோகனராஜ் தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். தான் போட்ட சட்டம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாளோடு உள்ளே போனார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ரமணி அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, குனிந்து, பால் டின்னில் கொட்டையைத் துப்பினார்.